தென்புலத்தாரும் தானும்

பின்னால் வாசிப்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருகோணமலை உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவர். இப்போது கொழும்பில் கணக்காய்வு வேலை, தொடர்மாடி வீடு. அப்பா காலமாகிவிட்டார், அம்மா கூட இருக்கிறா. கேட்டவர் அவர்களுக்கு ஒரே மகள். அம்மா தினமும் சோறு இறக்கியதும் முதல் பிடியைக் காகத்துக்கு வைக்கிறா. மகள் போகும் தியான வகுப்பில், காலையில் எழுந்ததும் முன்னோருக்கு நன்றி சொல்லுங்கள், பிறகு உங்கள் உள்மனதுக்கு நன்றி சொல்லுங்கள் என்கிறார்களாம். முதலாவது பழக்கப்பட்டது. இரண்டாவதைச் சொல்ல வாய் கூசுகிறதாம். கேட்பது நாலு விடயம்: இது நம் வழக்கம்தானா, அன்றாடம் எப்படிச் செய்வது, விஞ்ஞானம் என்ன சொல்கிறது, மகள் செய்யலாமா.

இரண்டும் நம்முடைய வழக்கம்தான். அதுவும் ஒரே வரியில் இருக்கிறது. இல்வாழ்க்கை அதிகாரத்தில் 43ஆவது குறள்: 'தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தானென்றாங்கு ஐம்புலத்தாறு ஓம்பல் தலை.' வீடு நடத்துகிறவர் பேண வேண்டிய ஐந்து பேர்: முன்னோர், தெய்வம், விருந்தாளி, சுற்றம், தான். நான் சைவநெறி படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் முதல் நாலையும் கடகடவென்று ஒப்புவித்துவிடுவார்கள். ஐந்தாவது எது என்று கேட்டால் முழிப்பார்கள். தன்னையும் பேண வேண்டும் என்று வள்ளுவர் சொல்லியிருப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதற்குக் காரணம் சொல்கிறார். எல்லா அறத்தையும் தான் இருந்துதானே செய்ய வேண்டும், ஆகவே தன்னைப் பேணுவதும் அறமே என்கிறார். அதோடு விடவில்லை. அரசனுக்கு ஆறில் ஒரு பங்கு இறை போனால் மீதி ஐந்து பங்கும் இந்த ஐவருக்கு என்று கணக்கும் போட்டுத் தருகிறார். நீங்கள் கணக்காய்வு செய்பவர், பார்த்துக்கொள்ளுங்கள். தெய்வத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு தனக்கும். முதல் ஆள் முன்னோர், கடைசி ஆள் நீங்கள். நடுவில் தெய்வமும் விருந்தும் சுற்றமும் நிற்கின்றன.

அப்படியென்றால் வாய் ஏன் கூசுகிறது? வகுப்பில் சொல்லித்தருகிற வசனம்தான் காரணம் என்று நினைக்கிறேன். 'என் உள்மனமே, உனக்கு நன்றி' என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லச் சொன்னால் எனக்கும் சிரிப்புத்தான் வரும். நம் ஆட்கள் நெஞ்சோடு கதைக்கிற விதமே வேறு. அதட்டுவார்கள், கெஞ்சுவார்கள், வா போவோம் என்று கூப்பிடுவார்கள். குறளில் நெஞ்சொடு கிளத்தல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. பிரிவில் வாடுகிற பெண் தன் நெஞ்சைப் பிடித்து வைத்துச் சண்டை போடுகிறாள். அப்பர் 'நிலைபெறுமாறு எண்ணுதியேல் நெஞ்சே நீ வா' என்று கூப்பிடுவார். கூப்பிட்டு உபதேசமா செய்கிறார்? விடியமுன் கோயிலுக்குப் போய்க் கூட்டு, மெழுகு, பூமாலை கட்டு என்று வேலை கொடுக்கிறார். நெஞ்சு அவருக்கு ஒரு கூட்டாளி.

அதே அப்பரின் திருவங்கமாலையைச் சைவப் பிள்ளைகள் பலர் சின்ன வயதிலேயே பாடமாக்கியிருப்பார்கள். 'தலையே நீ வணங்காய்' என்று தொடங்கும். தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை, உடம்பு, கால் என்று ஒவ்வொரு உறுப்பையும் பெயர் சொல்லி அழைத்து அதன் வேலையைச் சொல்லிக்கொண்டு போவார். கடைசிப் பாட்டில் வெளியே தேடியவனை 'என்னுளே தேடிக் கண்டுகொண்டேன்' என்று முடிப்பார். உங்கள் வகுப்பில் கண்ணை மூடிப் படுக்கவைத்து, பாதத்தைக் கவனியுங்கள், முழங்காலைக் கவனியுங்கள் என்று சொல்வார்களே, அந்தப் பயணத்தை இந்தப் பதிகம் தலைமாட்டிலிருந்து தொடங்கிச் செய்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றும்போது அந்த ஒழுங்கில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. ராகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குளியலறையில் யார் கேட்கப் போகிறார்கள்.

சைவக் கண்ணோட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே இருப்பதற்கு நன்றி சொல்வது தன்னைத் தானே மெச்சுவது ஆகாது. வாழ்த்த வாயும் நினைக்க நெஞ்சும் தாழ்த்தத் தலையும் தந்தவனை வாழ்த்தாமல் இவ்வளவு காலத்தை வீணாக்கினேனே என்று அப்பர் இன்னொரு இடத்தில் வருந்துகிறார். தந்த பொருளைக் கவனித்தால்தான் தந்தவன் ஞாபகம் வரும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இதே கணக்கை அம்மா அப்பாவோடு நிறுத்திக்கொள்ளலாம். வாயும் நெஞ்சும் தலையும் அவர்கள் வழியாகத்தானே வந்தன.

சரி, முன்னோருக்கு வருவோம். உங்கள் அம்மா செய்கிற காரியத்தைக் கிட்ட நின்று பாருங்கள். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்காமல், சோற்றோடு கொஞ்சம் பருப்பைக் குழைத்து எடுப்பா. எங்கள் ஊர் வீடுகளில் பின்மதிலில் அதற்கென்று ஒரு இடம் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கில் சீமெந்து கறுத்துப் போயிருக்கும். காகத்துக்கு இடமும் தெரியும், நேரமும் தெரியும். பிந்தினால் குசினி யன்னலில் வந்து இருந்து கத்தும். நன்றி என்ற சொல் இதில் எங்கேயும் வருவதில்லை. பசிக்கும்போது முதல் பிடி தன் வாய்க்குப் போகாமல் வேறு யாருக்கோ போகிறது, அவ்வளவுதான். ஐம்பது வருடம் இதைச் செய்த ஒரு கிழவியிடம் போய் ஆச்சி, நீங்கள் முன்னோருக்கு நன்றியுணர்வு வளர்க்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். போடா விசரா என்பா.

தொடர்மாடியில் காகத்துக்கு வைத்தால் கீழ்வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பிடியரிசி வையுங்கள். அரிசி அளந்து கழுவமுன் ஒரு பிடி எடுத்து வேறு பேணியில் போடுவது. பேணி நிரம்பினால் கோயில் அன்னதானத்துக்கோ, கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்கோ கொடுத்துவிடலாம். சித்திரா பௌர்ணமிக்குக் கோயில்களில் காய்ச்சுகிற கஞ்சிக்கு வீடு வீடாகத்தான் அரிசி சேர்ப்பார்கள். உண்ணும்போது ஒரு கைப்பிடி கொடுக்க யாராலும் முடியும் என்று திருமூலர் சொன்னதும் இதே கைப்பிடிதான்.

அன்றாடம் இப்படி. வருடத்தில் வருகிற பெரிய நாட்களையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் நாங்கள் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று பிரித்து விரதம் இருக்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது புதிதாகத் தெரியும். ஆடி அமாவாசைச் சமையலில் காத்தோட்டிக்காய் இல்லாவிட்டால் சில வீடுகளில் விரதமே பூர்த்தியாகாது. அந்த ஒரு நாளைத் தவிர வேறு நாளில் அந்தக் காயைத் தேடுபவரையும் நான் கண்டதில்லை. புரட்டாசியில் மாளயம், எல்லா முன்னோரையும் நினைக்கிற காலம். இவை தவிர, இறந்த திதியில் வருகிற திவசம். ஆங்கிலத் திகதி இதற்கு உதவாது, மாதமும் பட்சமும் (வளர்பிறையா தேய்பிறையா என்பது) திதியும்தான் கணக்கு.

தர்ப்பணத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே பலர் செய்கிறார்கள். தெற்குப் பார்த்து, எள்ளோடு தண்ணீரை இறைப்பது. தெய்வத்துக்கு விரல் நுனியால் விடுகிற நீரை முன்னோருக்குப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால் விட வேண்டும். மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லி விடுவது: அப்பா, அப்பப்பா, அவருடைய அப்பா. தாய் வழிக்கும் அப்படியே.

திருகோணமலைக்காரருக்கு இதற்குக் கன்னியா இருக்கிறது. அநுராதபுரம் வீதியில் நகரத்திலிருந்து சில கிலோமீற்றர் போனால் ஏழு வெந்நீர்க் கிணறுகள். சதுரமாகக் கட்டியவை, ஆழம் அதிகம் இல்லை, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கூடிக் குறையும். வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். இராவணன் தன் தாயின் அந்தியக் கிரியைக்காகத் தண்ணீர் தேடியபோது உண்டானவை என்பது ஐதீகம். அந்தியேட்டி, அதாவது இறந்தவருக்குச் செய்கிற கடைசிக் கிரியை, செய்ய எங்கள் சனம் அங்கே போவது அதனால்தான். ஊர்ப் பெருமைக்காக ஒன்று சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள்: தாய்க்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த மகன் என்ற முறையிலும் இராவணனை நினைக்கிற ஊர் இது. (கன்னியாவைச் சுற்றிய தகராறுகள் உங்களுக்குத் தெரியும். அவை இந்தப் பதிலுக்கு வேண்டாம்.)

முறை நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளில் இறந்தவர் பேரில் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுப்பார்கள். கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஒரே தெருவில் மூன்று விதமாக நடக்கும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். தர்ப்பணத்துக்கு உட்கார்ந்ததும் ஐயர் பெயர்களைக் கேட்பார். அப்பா பெயர் வரும். அப்பப்பா பெயர் வரும். அவருடைய அப்பா பெயர் என்று கேட்டதும் பின்னால் நிற்கும் பெரியவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மம்மாவின் அம்மா பெயர் கேட்டால் அநேகமாக ஒருவருக்கும் தெரியாது. அவரவர் தாய் குழந்தையாக இருந்தபோது தூக்கிக் குளிப்பாட்டிய கை, அந்தக் கைக்குப் பெயர் தெரியாது. ஐயரும் பாவம், நேரம் போகிறது என்று பொதுப்பெயர் ஒன்றைச் சொல்லி அடுத்ததுக்குப் போய்விடுவார்.

பெயரில்லாதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? எங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது, கதையில்லை, நடந்தது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். இடித்த கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்றைக்குப் பிரட்ரிக் கோட்டை என்று சொல்கிறோம். மான்கள் மேய்கிற அந்த வாசலால் உள்ளே போகும்போது கல்லில் பழைய தமிழ் எழுத்து இன்னும் தெரியும். கோயில் போகப்போகிறது என்று தெரிந்ததும் யாரோ சில பேர் திருவுருவங்களில் சிலவற்றைக் காப்பாற்றினார்கள். தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில் அந்தத் தொடர்ச்சியில் வந்தது. சில மண்ணுக்குள் போயின. 1950இல் நகரத்தில் கிணறு வெட்டியபோது அந்த வெண்கலத் திருவுருவங்கள் வெளியே வந்தன. 1963இல் சுவாமிமலையில், கோணேசர் கோயில் இருக்கிற எங்கள் ஊர்க் குன்றில், மறுபடி கும்பாபிஷேகம் நடந்தது.

முந்நூறு வருடத்துக்கு மேல். புதைத்தவருக்கு அது எப்போது வெளியே வரும் என்று தெரியாது. வருமா என்றும் தெரியாது. வாளோடும் துவக்கோடும் ஆள் நிற்கிற ஊரில் இருட்டில் மண்வெட்டி பிடித்திருப்பார்கள் என்று என் பாட்டில் கற்பனை செய்துகொள்வேன். சொந்தப் பிள்ளைக்காவது இடத்தைச் சொன்னார்களோ என்னவோ. கல்வெட்டில்லை, பெயரில்லை, வம்சம் எது என்றும் இல்லை. கோணேசரை இன்றைக்குக் கும்பிட்டுவிட்டு வருகிற ஒவ்வொருவரும் அவர்களுடைய வாரிசு.

கந்தளாய்க் குளத்தையும் அப்படிப் பாருங்கள். குளக்கோட்டன் கட்டினான் என்பது நம் மரபு. வேறு அரசர் பெயரைச் சொல்கிற வரலாறும் உண்டு. இரண்டு பக்கத்தாரும் அதற்காக அடிபடுவார்கள். மண் சுமந்தவர்கள் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் எல்லோரும் சாப்பிடுகிறோம்.

ஆகவே பெயர் தெரியாத முன்னோரை நினைக்கத் தனி மந்திரம் தேவையில்லை. உங்கள் கையில் அவர்கள் விட்டுப்போன ஏதோ ஒன்று கிடக்கும். ஒரு சமையல் பக்குவம், தேங்காய்ப்பூ பிழிகிற விதம், பிள்ளையை உறங்கவைக்கிற ஒரு ராகம். அதைச் செய்யும்போது இது யாரிடமிருந்து வந்தது என்று ஒரு விநாடி யோசித்தால் போதும்.

தெரியக்கூடிய பெயர்களைத் தொலைய விடாதீர்கள். இதற்கு நம்மிடம் நல்ல வழி ஒன்று உண்டு. அந்தியேட்டிக்கு நாங்கள் அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகம், நினைவு மலர் என்றும் சொல்வோம். முன்பக்கத்தில் படம், அடியில் திதி வெண்பா. அந்த வெண்பாவை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் அதில்தான் இருக்கிறது, திவசம் எப்போது என்ற குழப்பம் வராமல் இருக்க. உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி. கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல்: பந்தல் போட்டவர், சமைத்தவர், தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர் வரை நன்றி சொல்லியிருக்கும். செத்தவருக்கு மட்டும் ஒரு நன்றி இருக்காது. எத்தனையோ புத்தகத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன். அவருக்காகத்தானே முழுப் புத்தகமும் என்று சொல்வீர்கள், சரிதான். இருந்தாலும் ஒரு வரி போடலாம்.

இடம்பெயர்வில் இந்தப் புத்தகங்கள் நிறைய அழிந்தன. கூரைக்குக் கீழே பெட்டியில் இருந்தவை எரிந்தன, மிஞ்சியவற்றில் பல 2004 சுனாமியில் போயின. உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் உறவுக்காரர் வீட்டில் ஒரு பிரதி கிடக்கலாம், அலுமாரியின் மேல்தட்டில், பழைய கலண்டர்களோடு. அதுவும் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவின் பிரதி கேட்டு எடுக்கலாம். ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடைத்தால் தாய் தகப்பன் பெயர் கிடைக்கும், அதை வைத்து மேலே போகலாம்.

நன்றிக்குத் தகுதியில்லாத முன்னோரை என்ன செய்வது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் அப்பப்பாவைப் பற்றி எழுதிய அரை வரியில் கேள்வி இருந்தது. குடித்தவர், அடித்தவர், காணியைச் சீட்டாட்டத்தில் விட்டவர் இல்லாத வம்சம் கிடையாது. இன்னொரு சாதிக்காரரைக் கோயில் வாசலில் மறித்தவர்களும் நம் முன்னோர்தான், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. நன்றி நற்சான்றிதழ் ஆகிவிடாது. அவர் வழியாக வந்த உயிருக்குத் தண்ணீர் விடலாம், அவர் கை நீட்டியதற்கு விடத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தைத் தன் வீட்டுக்குள் வரவிடாமல் நிறுத்தியவர் உங்கள் அப்பா என்றால், நன்றி அவருக்கு இரட்டிப்பாகப் போகட்டும். உங்கள் ஐந்தாவது பங்கும் இங்கேதான் வருகிறது. வந்ததையெல்லாம் கைமாற்றி விடாமல் எதை விடுவது, எதைத் தொடர்வது என்று தெரிவுசெய்வது நீங்கள்.

பயத்தால் செய்கிற காரியத்தை நான் நன்றிக்கணக்கில் சேர்ப்பதில்லை. பிதிர் தோஷம், அதனால்தான் கல்யாணம் தள்ளிப்போகிறது, இத்தனை ஆயிரம் கட்டினால் நிவர்த்தி என்று கைபேசியில் விளம்பரம் வருகிறது. உயிரோடு இருக்கும்போது உங்களுக்காகத் தான் சாப்பிடாமல் கோப்பையை உங்கள் பக்கம் தள்ளிய மனுசன், செத்தபிறகு ஒரு பூசை தவறியதற்காக உங்கள் கல்யாணத்தைக் குழப்புவாரா? கோயிலில் முறையாகச் செய்கிற கிரியைக்குத் தட்சணை கொடுங்கள், அது ஐயரின் உழைப்பு. பயத்துக்குக் காசு கட்டாதீர்கள்.

இன்னொரு விதமான வீடுகளும் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படம் சுவரில் இருக்கும், பூமாலை இருக்காது. தாய் போட விடமாட்டா. திவசமும் இல்லை. பிறந்த நட்சத்திரத்துக்குக் கோயிலில் அர்ச்சனை மட்டும் செய்வா, உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்கிற மாதிரி. திதி தெரியாதவர்களுக்கு மாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்று சாத்திரத்தில் இடம் இருக்கிறது. அதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்லப் போகிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. அர்ச்சனைத் தட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் போதும்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் எமன்ஸ், மக்கலோ என்ற இரண்டு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரிய விடயங்களை வாராவாரம் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்கள். லூபோமிர்ஸ்கி என்ற இன்னொரு உளவியலாளரின் குழு பார்த்தபோது வாரத்தில் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. அலுத்துப் போகிறது போலும். முன்னோரைப் பற்றி நேராகவே ஓர் ஆய்வு உண்டு: 2011இல் பீற்றர் ஃபிஷரும் கூட்டாளிகளும் செய்தது. அறிவுத்திறன் சோதனைக்கு முன் தங்கள் முன்னோரைச் சற்று நினைக்கச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்களாம், முன்னோரின் குறைகளை நினைத்தவர்களும்கூட. இவை சின்ன ஆய்வுகள், தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம். அன்றாடம் செய்வதைக் கையால் செய்யுங்கள், எழுதுவதை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்வேன்.

மகள் செய்யலாமா? ஐயரை வைத்துச் செய்கிற கிரியை மகனுக்குரியது என்பது பழைய வழக்கம். மகன் இல்லாத இடத்தில் மருமகனோ பேரனோ செய்வார்கள், இப்போது மகளைச் செய்யவிடுகிற ஐயர்மாரும் இருக்கிறார்கள். உங்கள் கோயில் ஐயரிடம் நேரே கேளுங்கள், ஒருவர் மறுத்தால் இன்னொருவர் இருப்பார். மற்றபடி விளக்கு, தேவாரம், முதல் பிடி, அன்னதானம் எதற்கும் ஆண் பெண் கணக்கு இல்லை. உள்ளதைச் சொன்னால், அப்பாவின் திதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பது எல்லா வீட்டிலும் பெண்கள்தான். ஆண்கள் குளித்துவிட்டு வந்து உட்காருவார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காலையில் விளக்கு ஏற்றும்போது ஒரு பெயர். ஒன்றே ஒன்று. இன்றைக்கு அப்பா, நாளைக்கு அம்மப்பா, அடுத்த நாள் பெயர் தெரியாத ஒரு பூட்டி. அவரிடமிருந்து வந்து இன்றைக்கும் நீங்கள் பாவிக்கிற ஒன்றைச் சேர்த்து நினையுங்கள். படத்தைச் சாமி அறைக்குள் வைக்க வேண்டாம் என்று அம்மா சொன்னால் விடுங்கள். எங்கள் பக்கத்தில் விறாந்தையில்தான் மாட்டுவோம். நெஞ்சுக்குரியதை இரவுக்கு வையுங்கள். படுக்கும்போது அதை நீ என்றே கூப்பிடுங்கள். 'இன்றைக்கு அந்த மனேஜர் கத்தியதையும் பொறுத்துக்கொண்டாய், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாய். சரி, காணும், படு.' நம் பாட்டிமார் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. இதைச் சொல்ல வாய் கூசாது.

நிலாவெளியில் பெரியம்மா இருக்கிறா, எண்பது தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இந்த வாரமே தொலைபேசி எடுங்கள். பெயர்களை நேரடியாகக் கேட்டால் ஏன் பிள்ளை, ஏதும் காணிப் பிரச்சினையா என்று பயந்துவிடுவா. முதலில் சமையலைக் கேளுங்கள்: உங்கள் வீட்டு மீன் சொதிக்கு யார் பக்குவம், அவவுக்கு யார் காட்டிக் கொடுத்தது, அந்த மனுசி எந்த ஊரிலிருந்து கல்யாணம் முடித்து வந்தா. பெயர்கள் தன்பாட்டில் வந்து விழும். கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுங்கள், மத்தியானம் அவ படுத்திருப்பா.